குறைந்தது 3 பெண்கள் உள்ள குழு: 280 ஏன் தவறு?

மதுரைமல்லி (செவ்வாய், மாலை 6.40)

எல்லோருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். சேர்வியல் பாடத்தில் ஒரு கணக்கு மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது.

6 ஆண்கள், 5 பெண்கள் இருக்கிறார்கள். இவர்களில் 5 பேரைக் கொண்ட ஒரு குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 3 பேராவது பெண்களாக இருக்க வேண்டும். எத்தனை வழிகள்?

போனில் மேலே கீழே எண் போட்டுத் தட்டச்சு செய்ய வரவில்லை. அதனால் 5 பேரில் 3 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை சே(5, 3) என்று எழுதுகிறேன்.

நான் செய்தது இதுதான். 3 பெண்கள் கட்டாயம் வேண்டும், அவர்களை முதலில் எடுத்துவிடுகிறேன்: சே(5, 3) = 10. மீதி 8 பேர் இருக்கிறார்கள், 6 ஆண், 2 பெண். அவர்களில் யாரை வேண்டுமானாலும் 2 பேரை எடுக்கலாம்: சே(8, 2) = 28. பெருக்கினால் 280. ஆனால் விடைப் பக்கத்தில் 181 என்று இருக்கிறது.

தேர்வுக்களம் (செவ்வாய், மாலை 6.58)

'குறைந்தது' என்று வந்தாலே பிரித்துப் போட வேண்டும். 3 பெண் 2 ஆண்: 10 × 15 = 150. 4 பெண் 1 ஆண்: 5 × 6 = 30. 5 பெண்: 1. கூட்டினால் 181. போட்டித் தேர்வுகளுக்கு இது போதும்.

மதுரைமல்லி (செவ்வாய், இரவு 7.05)

நன்றி அண்ணா. பிரித்துப் போட்டால் 181 வருவது எனக்கும் தெரியும், டியூஷனிலும் அப்படித்தான் போட்டார்கள். என் வழியில் எங்கே பிசகு என்பதுதான் தெரிய வேண்டும். 3 பெண்கள் உறுதியாக வந்துவிட்டார்கள், மீதி யார் வந்தாலும் நிபந்தனை கெடாது. ஒவ்வொரு அடியும் சரியாகத்தானே இருக்கிறது? இதைக் கேட்டால் 'இப்படிச் செய்யக் கூடாது' என்று மட்டும்தான் பதில் வருகிறது.

கரும்பலகை (செவ்வாய், இரவு 8.30)

கேட்டது மிக நல்ல கேள்வி அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் இழக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் போகிறது. 'செய்யக் கூடாது' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் நாளை வேறு உருவத்தில் அதே பிழை வரும். ஆகவே மெதுவாகப் பார்ப்போம்.

ஐந்து பெண்களுக்கும் பெயர் வைத்துக்கொள்: கலா, மாலா, நீலா, ஷீலா, லீலா. ஆண்களில் ஒருவன் குமார். இப்போது எண்ணுவதை நிறுத்திவிட்டு, முடிந்துபோன ஒரு குழுவைக் கையில் எடு. கலா, மாலா, நீலா, ஷீலா, குமார். இதில் 4 பெண்கள் இருக்கிறார்கள், நிபந்தனைக்குப் பொருந்துகிறது. 181-ல் இது ஒன்றாகத்தான் கணக்காக வேண்டும்.

உன் வழியில் இந்தக் குழு எப்படிப் பிறக்கிறது? முதல் அடியில் கலா, மாலா, நீலாவை எடுத்து, இரண்டாம் அடியில் ஷீலா, குமாரை எடுத்தால் வரும். முதலில் கலா, மாலா, ஷீலாவை எடுத்து, பிறகு நீலா, குமாரை எடுத்தாலும் இதே குழுதான். இரண்டாம் அடியில் வருகிற பெண் நால்வரில் யாராகவும் இருக்கலாம். ஆக ஒரே குழு உன் கணக்கில் நான்கு முறை பிறந்திருக்கிறது. குழுவுக்குள் 'முதலில் வந்த பெண்', 'பிறகு வந்த பெண்' என்ற பிரிவே கிடையாது. உன் இரண்டு அடிகள் அந்தப் பிரிவை உனக்குத் தெரியாமலே உண்டாக்கிவிட்டன.

5 பெண்களும் உள்ள குழுவை எடு. ஐவரில் எந்த மூவர் முதலில் வந்தார்கள் என்பதற்கு 10 வழிகள். ஆக அது பத்து முறை பிறந்திருக்கிறது. 3 பெண்கள் மட்டும் உள்ள குழுவில் அந்த மூவரும் முதல் அடியில்தான் வர முடியும், அதனால் ஒரே முறை.

கூட்டிப் பார்: 150 × 1 + 30 × 4 + 1 × 10 = 280. உன் எண் அப்படியே வந்துவிட்டது. பெருக்கலில் நீ தவறு செய்யவில்லை. நீ எண்ணியது குழுக்களை அல்ல, 'மூன்று பெண்கள் முன்வரிசையில் நிற்கும் குழுக்களை'. அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் 280 மிகச் சரியான விடை.

மதுரைமல்லி (செவ்வாய், இரவு 8.52)

சார்! 280-ஐ இப்படிப் பிரித்துக் காட்ட முடியும் என்று நினைக்கவே இல்லை. நோட்டில் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது.

ஒரு சந்தேகம். திரும்பத் திரும்ப எண்ணிவிட்டால் வகுத்துவிடலாம் என்று வேறொரு கணக்கில் சொன்னார்களே. 280-ஐ எதனாலாவது வகுக்க முடியாதா?

நிரலன் (செவ்வாய், இரவு 9.40)

வேலை முடித்து வந்து பைத்தான் என்ற கணினி மொழியில் சில வரிகள் எழுதி எல்லாக் குழுக்களையும் ஓடவிட்டேன். 11 பேரில் 5 பேர் என்றால் மொத்தம் 462 குழுக்கள். பெண்களின் எண்ணிக்கைப்படி பிரித்தால், பெண்ணே இல்லாதவை 6, ஒரு பெண் 75, இரண்டு பெண் 200, மூன்று 150, நான்கு 30, ஐந்து 1.

தங்கை, மொத்தம் 462 வருகிறதா என்று பார்ப்பதே ஒரு நல்ல சோதனை. தேர்வில் கணினி இருக்காது, ஆனால் இந்த ஆறு எண்களையும் கையாலேயே இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம்.

கரும்பலகை (புதன், காலை 6.15)

வகுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நேற்றிரவே எழுத நினைத்தேன், கண் ஒத்துழைக்கவில்லை.

5 தம்பதிகள் இருக்கிறார்கள், 10 பேர். அவர்களில் 4 பேர் கொண்ட குழு வேண்டும், ஆனால் எந்தத் தம்பதியும் சேர்ந்து வரக் கூடாது. முதல் ஆளை 10 வழிகளில் எடுக்கிறேன். அவருடைய துணை விலக்கு, ஆகவே அடுத்த ஆளுக்கு 8 வழிகள். அடுத்து 6, அடுத்து 4. பெருக்கினால் 1920. இதுவும் மிகையெண்ணிக்கைதான். ஆனால் முடிந்த ஒரு குழுவைக் கையில் எடுத்துப் பார். நால்வரும் எந்த வரிசையில் வந்திருந்தாலும் அதே குழு, ஆகவே 4 × 3 × 2 × 1 = 24 முறை பிறந்திருக்கிறது. எந்தக் குழுவை எடுத்தாலும் இதே 24. அதனால் தைரியமாக வகுக்கலாம்: 1920 ÷ 24 = 80.

வேறு வழியில் சரிபார்ப்போம். எந்த 4 தம்பதிகளின் வீட்டிலிருந்து ஆள் வருகிறது? சே(5, 4) = 5. ஒவ்வொரு வீட்டிலும் கணவனா மனைவியா? 2 × 2 × 2 × 2 = 16. 5 × 16 = 80.

உன் கணக்கில் ஒரு குழு 1 முறை, ஒரு குழு 4 முறை, ஒரு குழு 10 முறை பிறந்தது. எல்லாக் குழுவும் சம அளவில் பெருகியிருந்தால்தான் ஒரே எண்ணால் வகுத்துச் சரிசெய்ய முடியும். இங்கே ஆளுக்கொரு அளவு. அதனால்தான் பிரித்துப் போடுகிறோம். 'குறைந்தது' என்ற சொல்லைப் பார்த்ததும் பிரி என்பது மனப்பாடம். ஏன் பிரிக்கிறோம் என்பதற்குக் காரணம் இந்தச் சமமின்மை.

இந்தப் பாடம் முழுவதற்கும் நான் வகுப்பில் சொல்லிவந்தது ஒரே கேள்விதான்: முடிந்த குழு ஒன்றைக் கையில் எடு, அது உன் வழியில் எத்தனை முறை பிறந்தது என்று கேள்.

வடமராட்சி (புதன், மதியம் 1.20)

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவன். நாங்கள் சேர்வு என்பதைச் சேர்மானம் என்போம், சொல்தான் வேறு. ஐயா சொன்ன கேள்வியை எங்கள் ஆசிரியை விளையாட்டை வைத்து விளக்குவார். தங்கச்சிக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

10 பிள்ளைகள் இருக்கிறார்கள், 7 பேர் வேண்டும். கபடிக்கு என்றால் 7 பேர் யார் என்பதோடு விசயம் முடிந்தது: சே(10, 7) = 120. வலைப்பந்தாட்டத்துக்கும் 7 பேர்தான். ஆனால் அதில் ஒவ்வொருவருக்கும் தனி இடம், சட்டையில் இடத்தின் எழுத்தையே குத்தியிருப்பார்கள். கோல் எய்பவர் கோல் காப்பவராக மாறினால் அது வேறு அணி. ஆகவே 120-ஐ 7 காரணீயமான (1 முதல் 7 வரை பெருக்கினால் வரும்) 5040-ஆல் பெருக்க வேண்டும்: 6,04,800. அதே பத்துப் பேர், அதே ஏழு பேர், விடை எங்கேயோ போய்விடுகிறது.

கேள்வியில் 'தேர்ந்தெடு' என்று இருக்கிறதா 'அடுக்கு' என்று இருக்கிறதா எனச் சொல்லைத் தேடாமல், இருவர் இடம் மாறினால் வேறு ஒன்றாகிறதா என்று பார்க்கச் சொல்வார். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவி வந்தால் வலைப்பந்து. வெறும் மூவர் குழு என்றால் கபடி.

திண்ணை (புதன், மாலை 5.10)

கபடி என்றதும் எனக்கும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் தெருவில் பொங்கலுக்கு 14 பேர் சேர்ந்தால் ஏழு ஏழாகப் பிரித்துக்கொள்வோம். எத்தனை விதமாகப் பிரியலாம்? சே(14, 7) = 3432 என்கிறான் என் மகன். சரியா?

கரும்பலகை (புதன், மாலை 5.45)

ஐயா, உங்கள் மகனின் விடையை அதே கேள்வியில் வைத்துப் பார்ப்போம். அவர் எடுத்த ஏழு பேர் ஓர் அணி, மீதி ஏழு பேர் மற்ற அணி. இப்போது அந்த மீதி ஏழு பேரை முதலில் எடுத்திருந்தால்? அதே இரண்டு அணிகள்தான். ஆகவே ஒவ்வொரு பிரிவும் இரண்டு முறை பிறந்திருக்கிறது. 3432 ÷ 2 = 1716.

ஆனால் ஓர் அணி 'மேலத்தெரு', மற்றது 'கீழத்தெரு' என்று பெயர் வைத்துக்கொண்டால் 3432-தான் சரி. பெயர் வந்ததும் ஆட்கள் இடம் மாறினால் வேறு பிரிவாகிவிடுகிறது.

சின்ன எண்ணில் பார்த்தால் மனதில் நிற்கும். கேரம் ஆட நால்வர், இரண்டு ஜோடி. சே(4, 2) = 6 என்று வரும். ஆனால் எனக்கு ஜோடியாக யார் என்று மட்டும் கேளுங்கள். மற்ற மூவரில் ஒருவர். மூன்றே வழிகள். பெரிய கணக்கில் குழப்பம் வந்தால், 4 பேருக்கோ 5 பேருக்கோ அதே கேள்வியைக் கேட்டு விரல்விட்டு எண்ணிவிட வேண்டும். அதில் எந்த வெட்கமும் இல்லை. நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

தேர்வுக்களம் (புதன், இரவு 8.05)

இதோடு சேர்ந்த ஒன்று. 12 பேரை நான்கு நான்காக மூன்று குழுவாக்கினால் 34,650. குழுக்களுக்குப் பெயர் இல்லை என்றால் 3 காரணீயத்தால் வகுத்து 5,775. அதே 12 பேரை 5, 4, 3 என்று பிரித்தால் 27,720. இங்கே வகுக்கக் கூடாது. அளவு வேறாக இருப்பதால் குழுக்கள் தாமாகவே அடையாளம் பெற்றுவிடுகின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரு தேர்வில் நான் மதிப்பெண் விட்டிருக்கிறேன், அதனால் எழுதினேன்.

வடமராட்சி (புதன், இரவு 9.15)

4, 4, 2, 2 என்று பிரித்தால்? நான்கு உள்ள இரண்டும் தமக்குள் மாறலாம், இரண்டு உள்ளவை தமக்குள் மாறலாம். ஆகவே 2,07,900-ஐ நான்கால் வகுக்க வேண்டும், 51,975. சம அளவுள்ளவற்றுக்கு மட்டும்தான் வகுத்தல்.

நிரலன் (புதன், இரவு 10.30)

ஓடவிட்டுப் பார்த்தேன். 5,775, 27,720, 51,975 மூன்றும் சரி.

மதுரைமல்லியின் 280-ஐத் தூக்கிப் போடாமல் சரிசெய்யவும் ஒரு வழி இருக்கிறது. ஆர்வம் இருந்தால் மட்டும் படியுங்கள், பாடத்தில் கிடையாது. 4 பெண்களை முன்னால் நிறுத்தி எண்ணினால் சே(5, 4) × சே(7, 1) = 35. 5 பெண்களை நிறுத்தினால் 1. இப்போது 280 − 3 × 35 + 6 × 1 = 181. நான்கு பெண் உள்ள குழு 280-ல் 4 முறை வந்தது, 35-ல் ஒரு முறை வந்தது, 4 − 3 = 1. ஐந்து பெண் உள்ள குழு 10 − 15 + 6 = 1. எல்லாம் ஒரு முறைக்கு வந்துவிடுகின்றன. சேர்த்தல் விலக்கல் முறை என்பதன் ஒரு வடிவம் இது.

மதுரைமல்லி (வியாழன், மாலை 6.20)

நிரலன் அண்ணா, அந்த 3-உம் 6-உம் எங்கிருந்து வந்தன என்று முதலில் புரியவில்லை. பிறகு 4 − 3 × 1, 10 − 3 × 5 + 6 என்று ஒவ்வொரு குழுவாகப் போட்டுப் பார்த்ததும் தெரிந்தது. சார் சொன்ன அதே கேள்விதான் இதிலும் வேலை செய்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் யார் முதலில் கண்டுபிடித்தது சார்? புத்தகத்தில் இந்தச் சேர்வு எண்களை முக்கோணமாக அடுக்கி, பாஸ்கல் முக்கோணம் என்று போட்டிருக்கிறது.

கரும்பலகை (வியாழன், இரவு 7.40)

பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டுக்காரர். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இது வழக்கில் இருந்தது. 9-ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர், 'கணிதசாரசங்கிரகம்' என்ற நூலில் சேர்வுக்கான பொது விதியையே தந்திருக்கிறார். எண்களை ஒன்றிலிருந்து ஏறுவரிசையிலும் அதற்குக் கீழே இறங்குவரிசையிலும் எழுதி, வலப்பக்கத்திலிருந்து எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை எண்களை மட்டும் எடுத்து, மேலே உள்ளவற்றின் பெருக்கலைக் கீழே உள்ளவற்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். சே(6, 2) என்றால் 6 × 5-ஐ 1 × 2-ஆல் வகுக்கிறோமே, அதுதான். இந்த நூலை ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார், 1912-ல் சென்னையில் அச்சானது. கிடைத்தால் ஒரு முறையாவது பார்க்க வேண்டிய புத்தகம்.

1150-ல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் அறுசுவைக் கணக்கு வருகிறது. ஆறு சுவைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்த்தால் எத்தனை விதச் சுவைகள்? 6 + 15 + 20 + 15 + 6 + 1 = 63. ஒவ்வொரு சுவையும் 'சேரலாம், சேராமல் இருக்கலாம்' என்று பார்த்தால் 2-ஐ ஆறு முறை பெருக்கி 64, எதுவுமே சேராத ஒன்றை நீக்கினால் அதே 63. ஆட்களுக்குப் பதில் சுவைகள், அவ்வளவுதான் வேறுபாடு.

பிற்காலத்தில் ஆட்களை வைத்தே ஓர் அழகான கேள்வி வந்தது. 1850-ல் இங்கிலாந்தில் கிர்க்மன் என்ற பாதிரியார் கேட்டது. 15 பள்ளி மாணவிகள் தினமும் மூன்று மூன்று பேராக ஐந்து வரிசையில் நடக்கிறார்கள். ஏழு நாட்களில் எந்த இருவரும் ஒரே வரிசையில் இரண்டாவது முறை வராதபடி அமைக்க முடியுமா? ஜோடிகள் மொத்தம் சே(15, 2) = 105. ஒரு வரிசையில் 3 ஜோடி, ஒரு நாளில் 15, ஏழு நாளில் 105. எண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்தினால் மட்டும் போதாது, உண்மையில் அமைத்தும் காட்ட வேண்டும். அமைக்கவும் முடியும். விடுமுறையில் தாளில் முயன்று பார் அம்மா, ஒரு நாள் முழுக்கப் போகும், ஆனால் வீண் போகாது.

மதுரைமல்லி (வெள்ளி, மாலை 5.30)

கிர்க்மன் கணக்கை விடுமுறைக்கு வைத்துக்கொள்கிறேன் சார். இன்று நானே ஒரு கணக்கு உண்டாக்கிப் போட்டேன், சரியா என்று பாருங்கள்.

6 ஆண்கள், 4 பெண்கள். 5 பேர் குழு, குறைந்தது 2 பெண்கள். ஆண்களில் முருகனும் பெண்களில் வள்ளியும் சண்டை, இருவரும் சேர்ந்து வரமாட்டார்கள்.

சண்டையை விட்டுவிட்டு எண்ணினால் 120 + 60 + 6 = 186. இதில் இருவரும் சேர்ந்து இருக்கும் குழுக்களைக் கழிக்க வேண்டும். இருவரும் உள்ளே என்றால் இன்னும் 3 பேர் வேண்டும், மீதி 5 ஆண், 3 பெண். குறைந்தது 2 பெண்: சே(3, 2) × 5 + 1 = 16. விடை 186 − 16 = 170.

கரும்பலகை (வெள்ளி, மாலை 6.05)

186 சரி. கழிக்கும் இடத்தில் ஒரு குழுவைக் கையில் எடுத்துப் பார்: முருகன், வள்ளி, இன்னொரு பெண், இரண்டு ஆண்கள். இது 186-க்குள் இருக்கிறதா? உன் 16-க்குள் இருக்கிறதா?

மதுரைமல்லி (வெள்ளி, மாலை 6.50)

186-ல் இருக்கிறது, 16-ல் இல்லை! வள்ளியே ஒரு பெண். அதனால் மீதி மூவரில் ஒரு பெண் இருந்தாலே போதும். சே(8, 3) − சே(5, 3) = 56 − 10 = 46. விடை 186 − 46 = 140.

நீங்கள் சொல்வது போல வேறு வழியிலும் போட்டேன். இருவரும் இல்லாதவை 30 + 10 = 40. முருகன் மட்டும் வந்தால் மீதி நால்வரில் 2 பெண்கள் வேண்டும், 30 + 5 = 35. வள்ளி மட்டும் வந்தால் மீதி நால்வரில் ஒரு பெண் போதும், 70 − 5 = 65. மூன்றும் சேர்ந்து 140.

நிரலன் (வெள்ளி, இரவு 9.20)

140. ஓடவிட்டுப் பார்த்துவிட்டேன்.